நாற்பதுக்கு மேல் அலைச்சறுக்கு: பலகை ஏற நினைக்கும் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் நான் முதன்முதலாகச் சர்ஃப் பலகையில் படுத்தபோது எனக்கு 44 வயது. இப்போது 49. சனி, ஞாயிறு காலைகளில் புதிதாக வருகிறவர்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பலகையைப் பிடித்துக்கொடுக்கிறேன். சம்பளம் கிடையாது. முடிந்ததும் இரண்டு இட்லி வாங்கித் தருவார்கள், அப்புறம் எனக்கென்று அரை மணி நேரம் அலை கிடைக்கும். வருகிறவர்களில் பாதிப் பேர் என் வயதுப் பெண்கள்.

அவர்கள் தடுமாறுகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். நீச்சல் தெரியாமல் வருவது, முதல் வாரமே பலகை வாங்குவது, படுத்தபடி சறுக்க வருவதற்கு முன்பே எழுந்து நிற்கப் பார்ப்பது. எல்லாமே வரிசை மாறிப்போகிற கோளாறு. இருபது வயதில் வரிசை மாறினால் உடம்பு எப்படியோ சமாளித்துக்கொள்ளும். நாற்பத்தைந்தில் ஒரு தோள்பட்டை போதும், மூன்று மாதம் உட்கார வைத்துவிடும். அதனால் ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஸ்கேட்போர்டில் தொடங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். என் கருத்து, வேண்டாம். பலகை ஓட்டத்தில் விழாமல் யாரும் கற்பதில்லை. விழும்போது கை தானாக முன்னால் போகும். சிமென்ட் தரை என்றால் மணிக்கட்டு உடையும், தண்ணீர் என்றால் வாயில் உப்புக் கரிக்கும், அவ்வளவுதான். முதலில் தண்ணீர். தரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

1. தோள், எலும்பு, முழங்கால்: முதலில் இதைப் பாருங்கள்

சர்ஃபிங்கில் நிற்பது சில வினாடிகள்தான். மீதி நேரமெல்லாம் குப்புறப் படுத்துக் கையால் துழாவுவது, கையை ஊன்றி எழுவது. ஆக, உழைப்பது கால் இல்லை, தோள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் பெண்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது அதிகம். சர்க்கரையோ தைராய்டோ இருந்தால் இன்னும் அதிகம்.

ஒரு எளிய சோதனை: உள்ளாடையின் பின்கொக்கியை இரண்டு கையாலும் வலியில்லாமல் போட முடிகிறதா? பரணில் இருக்கிற பாத்திரத்தைக் கை தூக்கி எடுக்க முடிகிறதா? இரண்டில் ஒன்று முடியவில்லை என்றாலும் முதலில் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். வலியோடு கையால் துழாவினால் வலிதான் வளரும்.

மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும். சீக்கிரம் நின்றவர்கள், கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட காலம் எடுத்தவர்கள் டாக்டரிடம் பேசி, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுவது நல்லது. முடிவு சரியில்லை என்றால் கடலை விட்டுவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. அலையின் உயரத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

முழங்கால் தேய்ந்தவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. முட்டுக்காடு காயலைப் போன்ற அசையாத நீரில் நின்றபடி துடுப்புப் போடும் பலகை இருக்கிறது. அதற்குப் படுத்து எழ வேண்டியதில்லை. மண்டியிட்டு ஏறி, மெதுவாக நிற்கலாம். அதுவும் பலகை விளையாட்டுதான், யாரும் குறைத்துச் சொல்லப்போவதில்லை.

இன்னொன்று. இதை யாரும் வெளியே கேட்பதில்லை, ஒதுக்குப்புறமாக இழுத்துப்போய்க் கேட்பார்கள். கையை ஊன்றி எழும்போது சிறுநீர் கசிகிறது. இரண்டு பிள்ளை பெற்றவர்களுக்கு இது சகஜம், எனக்கும் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் வயிற்றின் அழுத்தம் முழுக்கக் கீழே போகும். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே எழுந்து பழகுங்கள். இடுப்புத்தளத் தசைகளுக்கான கெகல் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. அப்புறம், இருப்பது கடலுக்குள். யாருக்குத் தெரியப்போகிறது?

2. நீச்சல்: இதைத் தாண்டிப் போக முடியாது

"காலில்தான் கயிறு கட்டுகிறார்களே, பலகை மிதக்கத்தானே செய்யும்?" என்பார்கள். கயிறு அறுந்து நான் பார்த்திருக்கிறேன். அது அறுகிற நாள், கயிறு தேவைப்படுகிற நாளாகத்தான் இருக்கும்.

போட்டி நீச்சல் தேவையில்லை. நீச்சல்குளத்தில் நிற்காமல் 100 மீட்டர், எந்த முறையிலாவது நீந்தத் தெரிய வேண்டும். மல்லாந்து இரண்டு நிமிடம் மிதக்கத் தெரிய வேண்டும். தலை முழுக்கத் தண்ணீருக்குள் போய், மூக்கில் தண்ணீர் ஏறி, அதற்குப் பிறகும் பதறாமல் மூச்சு விட வேண்டும். மூன்றில் கடைசிதான் முக்கியம். கடலில் ஆபத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் பதற்றம்தான்.

குளத்தில் பழகும்போது ஒரு வேலை செய்யுங்கள். தண்ணீருக்குள் உட்கார்ந்து பத்து வரை நிதானமாக எண்ணிவிட்டு எழுந்திருங்கள். முதல் அலைகள் உருட்டும் நேரம் அதைவிடக் குறைவு. பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்ய வேண்டாம்.

3. வீட்டுத் தரையில் ஆறு வாரம்

நீச்சல் கற்கும்போதே இதையும் ஓட்டிவிடலாம். புஜங்காசனத்தில் முப்பது வினாடி, பிளாங்க் (முழங்கைகளை ஊன்றி உடம்பைப் பலகைபோல நேராகத் தாங்குவது) முப்பது வினாடி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவது பதினைந்து தடவை. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், காலையில் இடது, இரவில் வலது. குத்துக்காலிட்டு உட்காரும்போது குதிகால் தரையில் படிய வேண்டும். படியாத கணுக்கால் பலகையிலும் மடங்காது. மடங்காவிட்டால் இடுப்பு தூக்கி நிற்கும், இடுப்பு தூக்கினால் விழுவீர்கள்.

அடுத்தது எழுந்து நிற்கிற பயிற்சி. மொட்டைமாடியில் கோலப்பொடியால் ஒன்பது அடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு பலகை வரையுங்கள். நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு. அதன் மேல் குப்புறப் படுங்கள். கோரைப்பாய் விரிக்காதீர்கள், வழுக்கும். யோகா விரிப்பு நல்லது.

இளம் பயிற்சியாளர்கள் ஒரே துள்ளலில் எழுந்து காட்டுவார்கள். அது அவர்கள் உடம்பு. நமக்கு மூன்று அசைவாகப் பிரித்தால் போதும். ஒன்று, உள்ளங்கைகளை விலாவின் அடியில் ஊன்றி மார்பைத் தூக்குவது. இரண்டு, பின்காலின் முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி, அந்தப் பாதத்தைக் கோட்டின் மேல் வைப்பது. மூன்று, முன்காலை இரண்டு கைகளுக்கும் நடுவே கொண்டுவந்து, முழங்கால்களை மடக்கியபடியே எழுவது.

எது முன்கால்? உங்களுக்குத் தெரியாமல் பின்னாலிருந்து யாராவது லேசாகத் தள்ளட்டும். விழாமல் தடுக்க எந்தக் கால் முதலில் போகிறதோ அதுதான் முன்கால். இடது முன்னால் என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. இரண்டுமே சரிதான்.

ஒரு நாளைக்கு இருபது தடவை. இருபதாவது தடவையும் முதல் தடவையைப் போலவே பாதம் கோட்டில் விழுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலோர் இதைச் சலிப்பு என்று விட்டுவிட்டு நேரே கடலுக்கு வந்துவிடுகிறார்கள். கடலில் ஒரு மணி நேரத்தில் பத்து, பன்னிரண்டு முயற்சிகூடக் கிடைக்காது. அதில் பாதம் எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தால் அலை போய்விடும்.

மணிக்கட்டு வலிக்கிறவர்கள் உள்ளங்கைக்குப் பதிலாக முஷ்டியை ஊன்றிப் பழகலாம்.

4. உடை, நகை, எண்ணெய்

முழுக்கை ரேஷ் கார்டும் (தோல் உரசாமல் காக்கும் இறுக்கமான நீச்சல் மேற்சட்டை), நீச்சலுக்கென்றே தைத்த இறுக்கமான லெக்கிங்ஸும் போதும். பருத்தி டி-ஷர்ட், சாதா லெக்கிங்ஸ் வேண்டாம். அவை தண்ணீரைக் குடித்துக் கனக்கும், உடைந்து நுரையாக உருண்டு வரும் நுரை அலை ஒன்று வந்தால் இடுப்பிலிருந்து இறங்கிவிடும். இடுப்பில் நாடா வைத்தது கிடைத்தால் அதை வாங்குங்கள்.

உள்ளே தலைவழியாகப் போடுகிற ஸ்போர்ட்ஸ் பிரா அணியுங்கள். கம்பி வைத்ததும் கொக்கி வைத்ததும் பலகையில் ஒரு மணி நேரம் குப்புறப் படுத்தால் விலாவைப் பதம் பார்க்கும். முதல் இரண்டு நாள் எப்படியும் விலா வலிக்கும், கொக்கியால் வலிக்க வேண்டாமே.

நகை எல்லாவற்றையும் வீட்டில் கழற்றிவிடுங்கள். தாலிச் சங்கிலி, வளையல், மோதிரம், காதில் தொங்கல். மெட்டியை யாரும் நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை. முதல் மாதம் என் வலது கால் மெட்டி பலகையின் நுரையில் பிறைபோல ஒரு கீறல் போட்டது, பக்கத்து விரலையும் கிழித்தது. சோப்புத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் முறுக்கிய பிறகுதான் கழன்றது. தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. மஞ்சள் கயிறாக மாற்றி, ரேஷ் கார்டுக்கு உள்ளே கழுத்தை ஒட்டிக் கிடக்கும்படி செய்துகொள்ளச் சொல்வேன்.

இப்போது எண்ணெய். உப்புத் தண்ணீரில் முடி கெட்டுவிடும் என்று தலை நிறையத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு வருவார்கள். கை, கால் வறளும் என்று லோஷன் பூசியிருப்பார்கள். அந்த எண்ணெய் முழுக்கப் பலகைக்கு இறங்கும். அப்புறம் அன்றைக்கு நிற்கவே முடியாது. தலைமுடியைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து, இறுக்கிப் பின்னிக்கொண்டு வாருங்கள். ஏற்கெனவே நனைந்த முடி உப்பைக் குறைவாகத்தான் குடிக்கும். வெயிலுக்கான கிரீமை முகம், கழுத்து, காதுமடல், புறங்கை, பாதத்தின் மேல்புறம் இவற்றில் மட்டும் பூசுங்கள். பூசிய பிறகு உள்ளங்கையை ஈர மணலில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கரையில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கடல் நீரில் கான்டாக்ட் லென்ஸ் நல்லதில்லை. எனக்கு மைனஸ் மூன்று. கரையில் நிற்கிறவர் யார் என்றே தெரியாது. அதனால் என் பையின் மேல் ஆரஞ்சு நிறத் துண்டு ஒன்றை விரித்துவிட்டுப் போவேன்.

5. பலகை: வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்

எட்டு முதல் ஒன்பது அடி நீளம், 22 அங்குலத்துக்குக் குறையாத அகலம், மேல்புறம் மென்நுரை. முதல் ஆறு மாதத்துக்கு வேறு எதையும் தொட வேண்டாம். நீளமும் அகலமும் கூடினால் பலகை மிதக்கும், ஆடாது, சின்ன அலையிலும் ஓடும். மென்நுரை என்றால் தலையில் பட்டாலும் வீக்கத்தோடு போகும்.

"நீங்க ஒல்லியா இருக்கீங்க, ஆறரை அடி போதும்" என்று சொல்லி என் இரண்டாம் வாரத்தில் ஓரிடத்தில் கடினப் பலகை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பெரிய பலகையைத் தூக்க முடியாதே என்று நானும் சரி என்றேன். கீழுதட்டில் மூன்று தையல். தூக்க முடியாவிட்டால் இரண்டு பேராகத் தூக்குங்கள், தலையில் வைத்துத் தூக்குங்கள். குடம் தூக்கிய தலைதானே.

எடுத்ததும் மூன்றைப் பாருங்கள். பலகையின் அடியில் மீன் துடுப்பு போலப் பொருத்திய துடுப்புகள் ஆடாமல் இருக்கின்றனவா? கயிற்றில் எங்காவது வெட்டு இருக்கிறதா? கணுக்காலில் கட்டும் வெல்க்ரோ முழுதாக ஒட்டுகிறதா? கயிறு எப்போதும் பின்காலில், முடிச்சு வெளிப்பக்கம் பார்த்தபடி.

6. எந்த இடம், எந்த நேரம்

அலை இருக்கிற இடமெல்லாம் கற்கிற இடம் ஆகாது. மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் பல நாட்கள் அலை கரையோரத்திலேயே ஆளைப் போட்டு அடிக்கும், நீரோட்டமும் வலுவானது. கற்க வேண்டியது அலை கொஞ்ச தூரத்தில் உடைந்து, நுரையாக உருண்டு, மணல் தரையில் மெதுவாகக் கரைக்கு வருகிற இடத்தில். கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரிக்குப் பக்கத்தில் செரினிட்டி கடற்கரை ஆகிய இடங்களில் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். இலங்கைக்குப் போகிறவர்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கே வெலிகம, வருட நடுப்பகுதியில் கிழக்கே அறுகம்பை. அறுகம்பையில் தமிழிலேயே பேசிக் கற்கலாம்.

நம் கிழக்குக் கரையில் காலைதான் நேரம். விடியலில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அது அலையின் முகத்தைத் தாங்கிப்பிடித்து வழவழப்பாக வைத்திருக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று திரும்பி வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். ஆறு மணிக்குத் தண்ணீரில் இருந்தால் எட்டு மணிக்கு வெளியே வந்துவிடலாம். ஓதம் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். சென்னைப் பக்கம் ஏற்ற இறக்கமே ஒரு மீட்டரைச் சுற்றித்தான்.

மாதம் என்று பார்த்தால், ஜனவரி முதல் ஏப்ரல் வரை அலை சின்னது, தொடங்க ஏற்றது. ஜூன் முதல் தெற்கிலிருந்து வலுவான அலைகள் வரும். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் புயல் காலம், புதியவர்கள் வீட்டில் கோலப்பொடிப் பலகையோடு இருப்பது நல்லது.

போகும் முன் ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். உயரம் ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். உயரத்தோடு வினாடிக் கணக்கையும் பாருங்கள். அது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி. ஒரே உயரத்தில் ஆறு வினாடி அலையைவிடப் பன்னிரண்டு வினாடி அலைக்கு வலு அதிகம். எண்ணைப் பார்த்து "சின்னதுதான்" என்று இறங்கியவர்கள் தடுமாறுவது இந்தப் பன்னிரண்டில்தான்.

7. கரையில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள்

புதியவர்கள் தவறாமல் தாண்டிக் குதிக்கிற படி இது. வந்ததும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

அலைகள் கூட்டமாக வரும். நான்கைந்து பெரியவை, அப்புறம் ஓய்வு. அந்த ஓய்வு எவ்வளவு நேரம் என்று எண்ணுங்கள். உள்ளே போக அதுதான் உங்கள் வாசல்.

கரையில் வந்து உடைந்த தண்ணீர் எங்கே திரும்பிப் போகிறது என்று தேடுங்கள். இரண்டு பக்கமும் நுரை பொங்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையே உடையாமல், கொஞ்சம் கலங்கலாக, அமைதியாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் விரலை நீட்டி, "அங்கே அமைதியா இருக்கே, அங்கே போகலாமா?" என்று கேட்பது சரியாக அந்த இடத்தைத்தான். அது கடல் உள்ளே இழுக்கும் வாய்க்கால்.

தெரியாமல் அதில் மாட்டிவிட்டால் பலகையை விடாதீர்கள். கயிற்றைக் கழற்றாதீர்கள். கரையை நோக்கி எதிர்த்துத் துழாவினால் களைப்புதான் மிஞ்சும். பலகை மேல் படுத்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துழாவி, நுரை தெரிகிற இடத்துக்குப் போங்கள். அந்த நுரையே கரைக்குத் தள்ளிவிடும். முடியவில்லை என்றால் பலகை மேல் உட்கார்ந்து ஒரு கையைத் தலைக்கு மேல் ஆட்டுங்கள், ஆள் வரும். கரையில் இருப்பவரிடம் 112 எண்ணைச் சொல்லிவைத்துவிட்டுப் போவது என் வழக்கம். தனியாக மட்டும் ஒருநாளும் போக வேண்டாம்.

கரையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடும் ஓட்டமும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே தள்ளும், வடகிழக்கில் தெற்கே. அரை மணி நேரத்தில் நீங்கள் வேறு ஊரில் இருப்பது போலத் தெரிந்தால் அது இதன் வேலை. ஆரஞ்சுத் துண்டு இதற்கும் உதவும்.

மீனவர்களைக் கேளுங்கள். விடிகாலையில் ஃபைபர் படகுகள் கரைக்குத் திரும்பும் நேரம். அவர்கள் ஏறி வரும் பாதையில் பலகையோடு நிற்கக் கூடாது. அலைமேல் வரும் படகு நினைத்த இடத்தில் நிற்காது. "அண்ணா, வலை எங்கே கிடக்கு? வெள்ளம் எப்படி?" என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். நீரோட்டத்தை அவர்கள் வெள்ளம் என்பார்கள். இன்காய்ஸ் சொல்லாததும் அவர்களுக்குத் தெரியும்.

8. பலகையோடு நடப்பதும் விழுவதும்

இடுப்பளவுக்கு மேல் போக வேண்டாம். பலகையை உங்கள் பக்கவாட்டில், அதன் மூக்கு அலையைப் பார்க்கும்படி பிடியுங்கள். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பலகை குறுக்கே கிடந்தால் அலை அதைத் தூக்கி உங்கள் முகத்தில் அறையும். நான் பார்த்த காயங்களில் பாதி இப்படி வந்தவைதான், எழுந்து நின்று விழுந்ததால் வந்தவை குறைவு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். அலை இழுத்தால் விரல் போய்விடும்.

விழுவதைத் தனியாகப் பழகுங்கள். வேண்டுமென்றே பத்துத் தடவை விழுங்கள். பலகையிலிருந்து பக்கவாட்டிலோ பின்பக்கமோ, பாய் விழுவது போலத் தட்டையாக. தலைகீழாகப் பாயக் கூடாது, கீழே மணல் மேடு முழங்கால் ஆழத்தில் இருக்கலாம். காலை விறைப்பாக ஊன்றியும் விழக் கூடாது, கணுக்காலும் முழங்காலும் திருகும். தண்ணீருக்குள் இருக்கும்போதே இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, அப்படியே மேலே வாருங்கள். பலகை எங்கே என்று பார்த்த பிறகுதான் கையை எடுக்க வேண்டும்.

9. படுத்தபடியே மூன்று வகுப்பு

இங்கேதான் என்னோடு சண்டை வரும். "நிற்கத்தானே வந்தோம்?" சரிதான். ஆனால் பலகையில் எங்கே படுப்பது என்று தெரியாதவர் எங்கே நிற்பார்?

படுத்திருக்கும்போது பலகையின் மூக்கு தண்ணீருக்கு மேலே இரண்டு, மூன்று விரற்கடை எழும்பியிருக்க வேண்டும். முன்னால் போய்ப் படுத்தால் மூக்கு குத்திக் குட்டிக்கரணம் அடிப்பீர்கள். பின்னால் படுத்தால் பலகை பிரேக் போட்டதுபோல நிற்கும், அலை உங்களை விட்டுப் போய்விடும். சரியான இடம் கிடைத்ததும் முகவாய் படும் இடத்தில் மெழுகால் ஒரு கோடு கிழித்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியதில்லை.

நுரை அலை பத்தடி தூரத்தில் வரும்போது கரையைப் பார்த்துப் படுத்து, நான்கைந்து தடவை ஆழமாகத் துழாவுங்கள். அலை பின்னால் தட்டியதும் மேலும் இரண்டு தடவை. அந்த இரண்டைத்தான் எல்லோரும் மறப்பார்கள். பலகை நழுவி ஓடத் தொடங்கியதும் கைகளை விலாவடியில் ஊன்றி, மார்பைத் தூக்கி, தலை நிமிர்ந்து அப்படியே கரை வரை போங்கள். எடையை இடது பக்கம் சாய்த்தால் இடது, வலது பக்கம் சாய்த்தால் வலது. திருப்பத் தெரிந்துவிட்டால் எதிரே நிற்கும் குழந்தை மேல் மோத மாட்டீர்கள்.

இந்த மூன்று வகுப்பிலேயே திருப்தியாகி, இனி இதுவே போதும் என்றவர்கள் இருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூட டீச்சர், 56 வயது, இரண்டு வருடமாகப் படுத்தபடிதான் சறுக்குகிறார். ஒவ்வொரு அலைக்கும் அவர் போடும் சத்தம் படகுத்துறை வரை கேட்கும்.

10. எழுந்து நிற்பது

மொட்டைமாடியில் செய்த அதே மூன்று அசைவு. வேறுபாடு நேரத்தில்தான். பலகை ஓடத் தொடங்கிய பிறகு எழ வேண்டும். அலை தட்டியதுமே எழுந்தால் பலகைக்கு இன்னும் வேகம் இருக்காது. ஓடாத சைக்கிளில் ஏறி நிற்பது போலத்தான், சாய்ந்துவிடும்.

கையைப் பலகையின் விளிம்பில் பிடிக்காதீர்கள். விளிம்பைப் பிடித்தால் எழும்போது ஒரு கை கூடுதலாக அழுத்தும், பலகை கவிழும். உள்ளங்கைகள் பலகையின் மேல் தட்டையாக, விலாவடியில்.

மண்டியிட்டு, அங்கிருந்து எழலாமா? முடிந்தவரை வேண்டாம். இரண்டு முழங்காலும் ஊன்றிய இடத்தில் பாதம் வைக்க இடம் இருக்காது, அப்புறம் அந்தப் பழக்கத்தை விடவே ஆறு மாதம் ஆகும். மண்டியிட்டபடி கரை வரை போவது வேறு, அது சுகமாகவே இருக்கும். நிற்பதற்குப் படியாக மட்டும் முழங்காலை வைக்காதீர்கள்.

கண்தான் மிச்சம். எனக்கு இருபது வகுப்பு ஆகியும் நிற்க வரவில்லை. பாதம் கோட்டில் விழுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்ப்பேன், பார்த்த பக்கமே விழுவேன். பயிற்சி கொடுத்த மீனவப் பையனுக்கு என் மகன் வயது. கடைசியில் பொறுமையிழந்து கத்தினான்: "அக்கா, காலு எங்கயும் போவாது, உங்க கூடத்தான் இருக்கும். அந்தப் பனமரத்தைப் பாருங்க!" கரையில் ஒற்றைப் பனை. எனக்குக் கண்ணாடி இல்லாமல் அது பச்சையாக ஒரு திட்டு. அதையே பார்த்தேன். எத்தனை வினாடி என்று தெரியாது. பனை கிட்டே வந்துகொண்டிருந்தது. துடுப்பு மணலில் உரசிய பிறகுதான் நான் நின்றுகொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

தலை குனிந்தால் எடை முன்னால் போய்விடும். அதனால்தான் பனைமரம். உங்கள் கடற்கரையில் பனை இல்லையென்றால் ஒரு கொடிக்கம்பமோ மாடி வீடோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நின்ற பிறகு முழங்கால் மடங்கியே இருக்கட்டும், இடுப்பு நேராக இறங்கட்டும். பலர் முதுகை வளைத்து, முழங்காலை விறைத்து, கோலம் போடுவது போல நிற்பார்கள். அது வேண்டாம். கீரை நறுக்க மணையில் உட்காரப் போகிறவர் பாதியில் நின்றால் எப்படியோ, அந்த நிலைதான் சரி.

11. பச்சை அலைக்கு எப்போது போகலாம்

உடையாத அலையைப் பச்சை அலை என்போம். நுரை அலையில் பத்துக்கு ஏழு தடவை நின்று, இரண்டு பக்கமும் திருப்பத் தெரிந்த பிறகு போகலாம். எனக்கு எட்டு மாதம் ஆனது. அங்கே ஆழம் அதிகம், வெளியே போகத் துழாவ வேண்டும், முன்னால் உடையும் அலையைத் தாண்டப் பலகையோடு தலைகீழாகப் புரள வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு பயிற்சியாளர் பக்கத்திலிருந்து காட்ட வேண்டும், எழுதிப் புரியவைக்க முடியாது.

அங்கே ஒரு சட்டம் மட்டும் எழுதத் தக்கது. அலை உடையத் தொடங்கும் முனைக்கு யார் கிட்டே இருக்கிறாரோ அலை அவருக்கு. அவர் எழுந்துவிட்டால் நீங்கள் விலக வேண்டும். புதியவர், வயதில் பெரியவர் என்ற சலுகையெல்லாம் கிடையாது.

12. கரைக்கு வந்த பிறகு

களைப்பு தெரிவதற்கு முன்பே வெளியே வாருங்கள். "இன்னும் ஒரே ஓர் அலை" என்று போகும் அலையில்தான் அடிபடும். முதல் மாதம் 60 நிமிடம் போதும்.

நடுவில் இரண்டு நாள் ஓய்வு கட்டாயம். நம் வயதில் தசை தேறிவர நேரம் எடுக்கும். வாரத்துக்கு இரண்டு தடவை போதும். லீவு போட்டு ஏழு நாள் தொடர்ந்து வந்தவர்களில் பலர் நான்காம் நாள் கை தூக்க முடியாமல் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் இறங்க வேண்டாம். அரை மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம், பையில் குளுக்கோஸ். கூட இருப்பவருக்கு அது எந்தப் பையில் என்று தெரிய வேண்டும்.

சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டுத் தோல் எரிந்தால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், இன்னும் பரவும். கடல் நீரால் கழுவி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ 108.

பலகையை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் நுரை உப்பிப் பிரியும். ரேஷ் கார்டை வாஷிங் மெஷினில் போட வேண்டாம், அலசி நிழலில் உலர்த்தினால் போதும். மூக்கில் ஏறிய தண்ணீர் இறங்காமல் அடம் பிடிக்கும். மதியம் வீட்டில் குனிந்து சாம்பார் கிளறும்போது திடீரென்று சொட்டும், அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.